நாவுக்கு மருந்து, செவிக்குப் பாட்டு

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் சாலையில் அமைந்த மங்கலம்பேட்டை, தன் பெயரிலேயே சந்தையைத் தாங்கிய ஊர். இந்துக்களும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் இவ்வூரிலும் இதைச் சூழ்ந்த பழைய தென்னார்க்காட்டுச் சிற்றூர்களிலும், பேச்சு தாமதமாகும் பிள்ளையைப் பேசவைக்க மக்கள் கைக்கொண்ட வழிகளுக்கு நெடிய வரலாறு உண்டு. மருந்து, வேண்டுதல், ஓதல், காத்திருப்பு, பள்ளி, மருத்துவமனை என அவ்வழிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றனவே தவிர, புதியது வந்ததும் பழையது விலகிவிடவில்லை. அவற்றை நிரல்படுத்திப் பார்த்தால் ஒரு செய்தி தெளிவாகும்: பேச்சு வராததற்குத் தமிழர் தேடிய மருந்துகளில் பெரும்பாலானவை நாக்கின்மேல் தடவப்பட்டன, பேச்சை உண்மையில் வளர்க்கக் கூடியவையோ செவியின் வழியே, மருந்து என்ற பெயரில்லாமல், பாட்டாகவும் விளையாட்டாகவும் அன்றாடம் புகட்டப்பட்டு வந்தன.

பேச்சு வளர்ச்சித் தாமதம் என்று இன்றைய மருத்துவர்கள் குறிப்பது, குழந்தை தன் வயதுக்குரிய அளவில் சொற்களைப் புரிந்துகொள்வதிலோ சொல்வதிலோ பின்தங்கியிருக்கும் நிலையை. முதல் பிறந்தநாளை ஒட்டி ஓரிரு சொற்களும், இரண்டாம் பிறந்தநாளை ஒட்டி இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்லும் திறனும் பொதுவாக எதிர்பார்க்கப்படுகின்றன. காது கேளாமை, அறிவு வளர்ச்சிக் குறைவு, ஆட்டிசம், வாயுறுப்புகளை ஒருங்கே இயக்குவதில் உள்ள தடை ஆகியவற்றுள் எதுவும் இதற்குக் காரணமாகலாம். எக்காரணமும் புலப்படாமல் பேச்சு மட்டும் பிந்துவதும் உண்டு. இவற்றைப் பிரித்தறியும் சொற்கள் தமிழில் பழங்காலத்தில் இல்லை என்றாலும், பிள்ளையின் பேச்சு நிலைகளைச் சுட்டும் சொற்களுக்குக் குறைவிருக்கவில்லை. பொருள் தெளியாத இளம்பேச்சை மழலை என்றும் குதலை என்றும் வழங்கிய மொழி, பேச்சற்றவனை ஊமன், மூங்கை என்றது. பேச்சு தடைபடுவதைத் திக்கு என்றும் கொன்னல் என்றும் வேறுபடுத்தியது. மழலையைக் குழலுக்கும் யாழுக்கும் மேலாக வைத்த திருக்குறள், மக்கட்பேற்றின் இன்பத்தையே பிள்ளையின் உடலைத் தீண்டுவதிலும் அதன் சொல்லைக் கேட்பதிலும் கண்டது. சொல்லைக் கேட்கக் காத்திருந்து கேட்காமற்போன பெற்றோரைப் பற்றி அந்நூல் பேசவில்லை.

புறநானூற்றின் 28ஆம் பாடல், உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்கு அறிவுரையாகப் பாடியது, மக்கட் பிறப்பில் நேரும் எண்வகைக் குறைகளை வரிசைப்படுத்துகிறது. அவ்வரிசையில் ஊமையும் செவிடும் தனித்தனியாக எண்ணப்பட்டிருப்பது கவனத்துக்குரியது, ஏனெனில் பிறவியிலேயே காது கேளாதவருக்குக் கேளாமையால்தான் பேச்சு வரவில்லை என்னும் தொடர்பு அந்தப் பட்டியலில் வெளிப்படவில்லை. தொல்காப்பியத்தின் பிறப்பியலோ எழுத்தொலிகள் பிறக்கும் முறையை வியப்பூட்டும் நுட்பத்தோடு விளக்குகிறது: உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகிறது என்பது அதன் கருத்து. பகர மகரங்கள் இதழ் இயைந்து பிறப்பவை என்று அது சொல்லும் செய்தியைத்தான், முகக்கண்ணாடியின் முன் பிள்ளையை அமர்த்தித் தன் உதடுகளைக் காட்டும் பேச்சுப் பயிற்சியாளர் இன்றும் கற்பிக்கிறார். எட்டு உறுப்புகளையும் எண்ணிய இலக்கணி செவியை அவற்றோடு சேர்க்கவில்லை. ஒலி பிறக்கும் இடத்தைக் கூற வந்தவர் ஒலி சென்று சேரும் இடத்தைக் கூற வேண்டியதில்லை என்பது நியாயமே. ஆயினும் பின்வந்த வீட்டு வைத்தியமும் அதே எட்டு உறுப்புகளுக்குள்தான் சுற்றிவந்தது.

அவ்வைத்தியத்தின் நடுநாயகம் வசம்பு. நீர்நிலையோரம் வளரும் ஒரு செடியின் மணமுள்ள கிழங்காகிய இதனைப் 'பிள்ளை வளர்ப்பான்' என்று போற்றிய மக்கள், இரவு நேரத்தில் அதன் பெயரைச் சொல்வதும் ஆகாது என்று கருதிப் 'பேர் சொல்லா மருந்து' என்றே நாட்டுமருந்துக் கடையில் கேட்டு வாங்கினர். பேச்சுக்கு மருந்தான ஒன்றுக்குப் பேரே சொல்லக்கூடாது என்பது, யாரும் திட்டமிட்டு அமைக்காத முரண். வடமொழியில் இதற்கு வழங்கும் வசா என்னும் பெயரைப் பேச்சைக் குறிக்கும் வேர்ச்சொல்லோடு இணைத்துப் பொருள் கூறும் மரபும் உண்டு. வசம்பைத் தனியாகக் கொடுப்பதைவிட உரைமருந்தின் ஓர் உறுப்பாகக் கொடுப்பதே வீடுகளில் பெருவழக்கு. சுக்கு, கடுக்காய், ஜாதிக்காய், மாசிக்காய் ஆகியவற்றை வேகவைத்து உலர்த்தி ஒரு சிறு டப்பாவில் வைத்திருப்பர். வசம்பை மட்டும் விளக்குச் சுடரில் கருகச் சுட்டுக்கொள்வர். பிள்ளை குளித்த நாளில், உரைகல்லின்மேல் சில துளி தாய்ப்பாலையோ வெந்நீரையோ விட்டு, ஒவ்வொரு மருந்தையும் கல்லின்மேல் ஒன்றிரண்டு சுற்று மட்டுமே இழைப்பர். எத்தனை சுற்று என்பதுதான் அளவு; அதைப் பாட்டியின் கை அறியும், தராசு அறியாது. திரண்ட விழுதைச் சுண்டுவிரலால் வழித்துப் பிள்ளையின் நாக்கில் தடவி, மிச்சத்தைப் பாலாடையில் கரைத்துப் புகட்டுவர். வயிற்றுப் பொருமலுக்கும் செரிமானத்துக்குமாகத் தரப்பட்ட இம்மருந்தில், பேச்சு பிந்திய பிள்ளைக்கு வசம்பின் சுற்று ஒன்று கூடும், அல்லது தேனில் குழைத்த வசம்பு நாக்கில் தனியே பூசப்படும்.

இன்றைய மருத்துவம் இவ்வழக்கத்தை ஐயத்தோடுதான் நோக்குகிறது. வசம்பிலுள்ள பீட்டா அசரோன் என்னும் வேதிப்பொருள் ஆய்வக எலிகளுக்குப் புற்றுநோயை உண்டாக்கியதை அடுத்து, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1968இல் உணவுப் பொருள்களில் வசம்பைச் சேர்ப்பதற்குத் தடை விதித்தது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் தருவதும், அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிரிகளின் விதைகள் நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம் என்பதால், தவிர்க்கப்பட வேண்டியதாகிறது. வசம்பு தடவியதால் பேச்சு வந்தது என்று சான்று கூறும் பெற்றோர் பொய் சொல்பவர் அல்லர். பிந்திப் பேசும் பிள்ளைகளில் கணிசமானோர், எதுவும் செய்யாவிட்டாலும், மூன்று வயதை ஒட்டித் தாமாகவே பேசத் தொடங்குவதால், அந்த வேளையில் எந்த மருந்து கையில் இருந்ததோ அதற்கே பெருமை சேர்ந்தது.

நாக்கைக் கடந்து உரையாடலைத் தொட்ட சடங்கு ஒன்று உண்டென்றால் அது சேனை வைத்தல். பிறந்த குழந்தையின் வாயில் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ ஒருவர் முதன்முதலாகத் தொட்டுவைப்பதே சேனை. சேனை வைத்தவரின் குணமும் பேச்சும் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. ஆகவே வாய்ச்சாலகமுள்ள மாமனோ அத்தையோ அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பின்னாளில் பிள்ளை ஓயாது பேசினாலும் வாயே திறக்காவிட்டாலும், 'யாரு சேனை வச்சது?' என்ற கேள்வி தவறாமல் எழுந்தது. முஸ்லிம் வீடுகளில் பேரீச்சம்பழத்தை மென்று அதன் சாற்றைக் குழந்தையின் அண்ணத்தில் தடவும் தஹ்னீக் என்னும் வழக்கம் இதற்கு இணையானது. அதனோடு சேர்ந்து நிகழ்வது, குழந்தையின் காதில் தொழுகை அழைப்பாகிய பாங்கு ஓதுதல். பிறந்த குழந்தை முதலில் கேட்க வேண்டிய சொல் எது என்று எண்ணிப் பார்த்து, அதைச் செவிக்கென்றே வகுத்த சடங்கு என்ற வகையில் இது தனித்து நிற்கிறது. மாலை மஹ்ரிப் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து வெளியே வருவோரிடம், கையில் பிள்ளையை ஏந்தி நிற்கும் தாய்மார் ஓதி ஊதச் சொல்லும் காட்சியைத் தமிழகத்தின் பல பேட்டைகளில் காணலாம். அவ்வரிசையில் நெற்றியில் குங்குமமிட்ட தாய்மாரும் நிற்பர். பேச்சு வராத பிள்ளைக்கு எந்த மதத்தின் வாசல் என்று யாரும் பார்ப்பதில்லை.

இப்பகுதிக்கே உரிய வழியாக நிலைபெற்றது, விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் உள்ள கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுதல். கொளஞ்சிப் புதர்களுக்கிடையே பலிபீட வடிவில் தானாகத் தோன்றிய முருகனாக வணங்கப்படும் இத்தெய்வத்திடம், நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பது போலவே மக்கள் முறையிடுகின்றனர். பிராது என்பது புகார் மனுவைக் குறிக்கும் பழைய நீதிமன்றக் கச்சேரிச் சொல். மனுதாரர் தம் பெயரும் ஊரும் குறையும் தெளிவாகத் தெரியுமாறு ஒரு தாளில் எழுதி, கொளஞ்சியப்பரை முன்னிலைப்படுத்தி ஒப்பமிட்டுச் சன்னிதியில் வைத்துப் பெற்று, அதைச் சுருட்டி நூலால் முனியப்பர் சன்னிதியின் வேலில் கட்டுகிறார். ஊருக்கும் கோயிலுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிட்டுப் படிப்பணம் கட்டும் வழக்கமும் இருப்பது, அழைப்பாணை கொண்டுசெல்லும் சேவகனுக்கு வழிச்செலவு கொடுத்த பழைய கச்சேரி நடைமுறையின் எச்சம் என்று கொள்ளத் தோன்றுகிறது. மூன்று நாளில், அல்லது மூன்று வாரத்தில், அல்லது மூன்று மாதத்தில் தீர்ப்புக் கிடைக்கும் என்பது நம்பிக்கை. குறை தீர்ந்ததும் மீண்டும் வந்து 'ராஜினாமா' எழுதிப் பிராதைத் திரும்பப் பெற வேண்டும். களவு, கடன், பிள்ளையின்மை, தீராத நோய் என எல்லாவற்றுக்கும் பிராது உண்டு. பேச்சு வராத பிள்ளைக்கும் உண்டு. இங்கே கவனிக்கத் தக்கது, வேண்டுதலுக்குக் கெடு வைத்திருப்பது. எல்லையின்றிக் காத்திருப்பதற்கு மாறாக, மூன்று மாதம் பிள்ளையின் வாயையே வீடு முழுதும் உற்றுநோக்கும் நிலையை அது உண்டாக்குகிறது. அப்படி உற்றுநோக்கும் வீட்டில் பிள்ளையோடு பேசும் பேச்சும் கூடத்தான் செய்யும்.

இத்தகைய வேண்டுதல்களுக்கு முன்மாதிரியாய் அமைந்த கதை குமரகுருபரருடையது. 17ஆம் நூற்றாண்டில் திருவைகுண்டத்தில் பிறந்த அவர் ஐந்து வயது வரை பேசவில்லை என்றும், பெற்றோர் அவரைத் திருச்செந்தூருக்குக் கொண்டுசென்று விரதமிருந்து வேண்ட, முருகன் அருளால் வாய் திறந்து கந்தர் கலிவெண்பாவைப் பாடினார் என்றும் மரபு கூறுகிறது. திருக்குருகூரில் புளியமரத்தடியில் பல்லாண்டு பேசாமல் இருந்து பின் பாடிய நம்மாழ்வாரின் வரலாறும், சீகாழியில் மூன்று வயதில் ஞானப்பால் உண்டு பதிகம் பாடிய சம்பந்தரின் வரலாறும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. இம்மூன்றிலும் பேச்சு ஒரே கணத்தில், அதுவும் செய்யுளாக, வருகிறது. ஒற்றைச் சொல், உடைந்த சொல், தவறான ஒலி என்ற படிகள் எதுவும் இல்லை. புராணத்துக்கு அது பொருந்தும். ஆனால் தலைமுறை தலைமுறையாக இக்கதைகளைக் கேட்டு வளர்ந்த சமூகம், பேச்சு என்பது அடைபட்ட கதவு, ஏதோ ஒரு நாள் சட்டென்று திறக்கும் என்று நம்பப் பழகியது. 'அவங்க அப்பன்கூட அஞ்சு வயசுலதான் பேசினான்', 'ஆம்பளப் புள்ள மெதுவாத்தான் பேசும்' என்னும் ஆறுதல் மொழிகளுக்குப் பின்னால் நிற்பது அந்த நம்பிக்கையே. மூளை மொழியை மிக எளிதாகப் பற்றிக்கொள்ளும் முதல் சில ஆண்டுகள் இந்த ஆறுதலில் கழிந்துவிடுகின்றன என்பதே, பேச்சுப் பயிற்சியில் ஈடுபட்டோர் இன்று முதன்மையாகக் குறைப்பட்டுக்கொள்வது.

அக்குமரகுருபரரே பின்னாளில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழையும் முத்துக்குமாரசாமி பிள்ளைத்தமிழையும் பாடினார் என்பது இலக்கிய வரலாற்றின் இனிய விந்தைகளில் ஒன்று. ஐந்து வயதுவரை பேசாதிருந்தவர் என்று மரபு சொல்பவர், பிள்ளைப் பருவத்தின் பேச்சையும் ஆட்டத்தையும் தமிழில் நிகரற்ற வகையில் பாடியிருக்கிறார். பிள்ளைத்தமிழ் என்பது தெய்வத்தையோ தலைவனையோ குழந்தையாகப் பாவித்து, பத்துப் பருவங்களாக வகுத்துப் பாடும் சிற்றிலக்கியம். பாட்டியல் நூல்கள் இப்பருவங்களுக்கு மாதக் கணக்கும் தருகின்றன: மூன்றாம் மாதத்தில் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் வருகை, பதினைந்தில் அம்புலி எனத் தொடங்கி இருபத்தொன்றாம் மாதத்துச் சிறுதேர் வரை அது நீள்கிறது. செங்கீரையில் உள்ள 'கீர்' என்பதற்குச் சொல் என்று பொருள்கொண்டு, பொருளற்ற ஒலிகளைக் குழந்தை எழுப்பும் பருவமாக அதை விளக்குவோர் உளர். குழந்தை மருத்துவ நூல்களும் ஏறத்தாழ அதே மாதங்களில்தான் ஒலியடுக்குகள் தொடங்குவதாகக் குறிக்கின்றன. தால் என்பதோ நாக்கையே குறிக்கும் சொல். தாயின் நாக்கு ஆட, அதைக் குழந்தை கேட்டுக் கண்வளர்வதே தாலாட்டு. சப்பாணியில் தாய் கைகொட்ட, பிள்ளை அதைப் பார்த்துத் தானும் கொட்டுகிறது: ஒருவர் செய்ய, மற்றவர் திருப்பிச் செய்ய, பின் முதலாமவர் காத்திருக்க என்னும் முறைமாற்றமே உரையாடலின் எலும்புக்கூடு. அம்புலியில் தாய் நிலவைச் சுட்டிக் காட்டுகிறாள், பிள்ளை அவள் விரலையன்றி விரல் சுட்டும் பொருளைப் பார்க்கிறது. இருவர் ஒரே பொருளின்மேல் கருத்தூன்றும் இத்திறனைக் கூட்டுக்கவனம் என்பர். பதினைந்து மாதத்தில் சுட்டிக்காட்டாத, சுட்டியதைப் பாராத பிள்ளையைத் தாமதமின்றிப் பரிசோதிக்க வேண்டும் என்று இன்றைய மருத்துவர் வற்புறுத்துவது இதனால்தான்.

வீட்டு முற்றத்தில் நிலாச்சோறு ஊட்டிய பாட்டிக்கு இக்கலைச்சொற்கள் தெரியாது. 'மம்மு', 'இங்கா', 'தாச்சி' என்று அவள் பேசிய குழந்தைமொழி, உதட்டிலும் பல்லிலும் எளிதாகப் பிறக்கும் ஒலிகளை இரட்டித்து, ராகத்தை நீட்டி, ஒன்றையே பலமுறை சொல்லும் தனிநடை. அத்தகைய நடை தொலைதூர மொழிகள் பலவற்றிலும் இருப்பதை, மராத்தி உட்பட ஆறு மொழிகளை ஒப்பிட்ட மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்கூசன் 1964இல் எடுத்துக்காட்டினார். தமிழின் அமைப்பும் இதற்குத் துணைநிற்கிறது. தா, வா, போ என ஏவல் வினைகள் ஓரசையிலேயே முழுவாக்கியமாகி நிற்பதாலும், வினை வாக்கியத்தின் கடைசியில் வந்து காதில் தங்குவதாலும், சிறு நாவுக்கு ஏற்ற முதற்சொற்கள் இம்மொழியில் மிகுதி. ழகர, றகரங்கள் பிந்தியே அமைவது இயல்பு. வடமாவட்டங்களில் பெரியவர்களே பழத்தைப் 'பயம்' என்னும்போது, அதைப் பிள்ளையின் பிழையாகப் பயிற்சியாளர் எண்ணிவிடக் கூடாது என்பதும் நினைவில் கொள்ளத் தக்கது. அதுபோலவே, வீட்டில் உருதும் தெருவில் தமிழும் கேட்டு வளர்வதால்தான் பேச்சு பிந்துகிறது என்ற எண்ணம் பரவலாக இருப்பினும், இருமொழிச் சூழல் பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை என்பதே ஆய்வாளர் முடிவு.

நாக்கிலிருந்து காதுக்கு மக்களின் கவனம் திரும்பியதற்கு அரசின் கணக்கெடுப்பு ஓரளவு காரணம், ஆனால் கோணலான காரணம். 1881 முதல் 1931 வரையிலான பிரிட்டிஷ் இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் மனநோய், பார்வையின்மை, தொழுநோய் ஆகியவற்றோடு 'செவிட்டு ஊமை' என்பதும் ஓர் உடற்குறையாகக் குறிக்கப்பட்டது. சங்கப் பாடல் இரண்டாக எண்ணியதைக் கணக்கெடுப்பு ஒன்றாக்கியது. கேளாமையும் பேசாமையும் பிணைந்தவை என்ற புரிதல் அதில் இருந்தது. எனினும் காது நன்றாகக் கேட்டும் பேசாத பிள்ளைக்கு அங்கேயும் இடமில்லை. இதே காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், ஃபுளோரன்ஸ் சுவைன்சன் என்னும் மறைப்பணியாளர் பாளையங்கோட்டையில் தொடங்கிய காதுகேளாதோர் பள்ளி தமிழ்நாட்டின் முன்னோடியாயிற்று. காதுகேளாதோருக்குச் சைகையை விலக்கி வாய்ப்பேச்சையே கற்பிக்க வேண்டும் என்று 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு தீர்மானித்திருந்த காலம் அது. அத்தீர்மானம் உலகெங்கும் சைகைமொழிக்கு இழைத்த தீங்குக்காக 2010இல் வான்கூவரில் கூடிய மாநாடு வருத்தம் தெரிவித்தது. செவிக்கருவிகள் இல்லாத பாளையங்கோட்டைப் பள்ளியின் தொடக்க காலத்தில், பள்ளி வயதில் வந்துசேரும் பிள்ளைக்குப் பேச்சு கற்பிப்பது மலையைக் கெல்லும் வேலையாகவே இருந்திருக்கும்.

முறையான பேச்சு மருத்துவம் இந்தியாவில் வேரூன்றியது 1965இல் மைசூரில் நிறுவப்பட்ட அனைத்திந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தால். செவித்திறனை அளப்போரையும் பேச்சுப் பயிற்சியாளரையும் பட்டப்படிப்பு வழியே உருவாக்கிய அந்நிறுவனத்தின் மாணவர்கள் தென்னிந்திய நகரங்களில் பரவினர். சென்னையில் 1969இல் தோன்றிய பால வித்யாலயா, காதுகேளாத மிகச் சிறிய குழந்தைகளை எடுத்துக்கொண்டு, தாயையும் வகுப்பறையில் உடன் அமர்த்திக் கற்பித்தது. பிள்ளைக்குப் பயிற்சியாளரிடம் கிடைப்பது வாரத்தில் சில மணி நேரம், தாயிடம் கிடைப்பது விழித்திருக்கும் நேரம் முழுதும் என்னும் எளிய கணக்கைப் பள்ளியின் அமைப்பாகவே மாற்றியது அதன் சிறப்பு. பிந்திய ஆண்டுகளில், உட்செவியில் மின்முனைகளைப் பொருத்தி நரம்பைத் தூண்டும் காக்ளியர் கருவி, 2009இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டத்திலும் அதன் வழிவந்த முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் ஏழைக் குழந்தைகளுக்கு எட்டியது.

கருவியைப் பொருத்திய மறுநாளே பேச்சு வந்துவிடும் என்று எதிர்பார்த்த குடும்பங்கள் பல. திருச்செந்தூர்க் கதை இங்கே வேறு உடையில் திரும்பி வருகிறது. உண்மையில் அறுவைக்குப் பிறகு ஓராண்டோ அதற்கு மேலோ கேட்கவே பயிற்சி தர வேண்டும். பயிற்சியாளர் தம் வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்னும் ஆறு ஒலிகளைத் தனித்தனியே எழுப்புகிறார்; ஒவ்வொன்றும் கேட்டவுடன் பிள்ளை கையிலுள்ள வளையத்தைக் குச்சியில் கோக்க வேண்டும். டேனியல் லிங் என்பவர் வகுத்த இச்சோதனையின் ஆறொலிகள், பேச்சொலிகளின் தாழ்ந்த அதிர்வெண் முதல் உயர்ந்த அதிர்வெண் வரை அனைத்தையும் தழுவுபவை. பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டைத் தட்டிப் பார்த்து, திரும்பினால் காது கேட்கிறது என்று முடிவுகட்டும் வீட்டுச் சோதனை ஏன் ஏமாற்றும் என்பது இதிலிருந்து விளங்கும்: தட்டின் ஓசைக்கும் இடிக்கும் திரும்பும் பிள்ளைக்கு ஸகர, ஷகர ஒலிகள் சிறிதும் எட்டாமல் இருக்கலாம், அப்பிள்ளை கேட்கும் தமிழ் பாதி அழிந்த எழுத்துப் போன்றது. 'பெரா எடுத்துட்டு வாங்க' என்று மருத்துவர் சொல்லியனுப்புவது, உறங்கும் குழந்தையின் தலையில் மின்முனைகளை ஒட்டி, ஒலிக்கு மூளைத்தண்டு தரும் விடையைப் பதியும் பரிசோதனைக்காக. தட்டைத் தட்டும் சோதனையை அது என்றோ காலாவதியாக்கிவிட்டது.

கேட்டும் பேசாத பிள்ளைக்கு இடம் கிடைத்தது இன்னும் பிந்தி. அமெரிக்க மருத்துவர் லியோ கேனர் பதினொரு குழந்தைகளை ஆராய்ந்து 1943இல் ஆட்டிசத்தை விவரித்தார். இந்தியாவில் அது சட்டத்தின் கண்ணில் பட்டது 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில். பேச்சு, மொழிக் குறைபாடு 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளுள் ஒன்றாயிற்று. அதற்கு முன்பே, 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம், அங்கன்வாடிக்கு வரும் பிள்ளைகளை மருத்துவக் குழுவினர் நேரில் சென்று பார்த்து, வளர்ச்சித் தாமதம் உள்ளோரை மாவட்டத்தின் தொடக்கநிலைச் சிகிச்சை மையத்துக்கு அனுப்ப வழி செய்தது. மங்கலம்பேட்டைத் தாய்க்கு அது கடலூர் வரையிலான பயணம். சிலருக்குச் சிதம்பரம், சிலருக்குப் புதுச்சேரியின் ஜிப்மர் மருத்துவமனை. வாரத்துக்கு ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் இழந்து சென்றுவரும் அப்பயணம் மூன்றாம் மாதத்தில் நின்றுபோவதற்குப் பெற்றோரின் அக்கறையின்மையைக் காரணம் காட்டுவது எளிது, நியாயமன்று.

பயிற்சியின் உள்ளடக்கமோ முற்றத்துப் பாட்டியின் கையிலிருந்ததுதான். பிள்ளை விரும்பும் பொருளை எட்டும் தூரத்தில் வைக்காமல் பார்க்கும் தூரத்தில் வைப்பது, அதன் பெயரைச் சொல்லி ஐந்து எண்ணும் வரை வாய்மூடிக் காத்திருப்பது, பிள்ளை 'பா' என்றால் 'ஆமா, பால்' என்று ஒரு படி கூட்டித் திருப்பிச் சொல்வது, செப்புச் சாமான் வைத்துச் சோறு பொங்கி விளையாடும்போது ஒவ்வொரு செயலையும் சொல்லிக்கொண்டே செய்வது என அது அமைகிறது. கைப்பேசியில் ஓடும் பாட்டு இவற்றுக்கு ஈடாகாததற்குக் காரணம், அது பிள்ளையின் விடைக்காக ஒருபோதும் காத்திருப்பதில்லை. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம் என்று உலக நலவாழ்வு அமைப்பு 2019இல் வழிகாட்டியது. கடலூருக்குச் சென்றுவரும் பெற்றோர் பலர் வழியில் மணவாளநல்லூரில் பிராதும் கட்டுகின்றனர், இரண்டுக்கும் இடையே முரண்பாடு எதையும் அவர்கள் காண்பதில்லை. ராஜினாமா எழுதும்போதுதான் சிக்கல்: பேச்சு வந்த நாள் என்று எதைக் குறிப்பது என்பதில் அப்பத்தாவுக்கும் தாய்க்கும் கருத்து வேறுபடும். அப்பத்தாவுக்கு முதல் 'அம்மா' போதும். பயிற்சியாளர் எழுதிவரச் சொன்ன நாற்பது பக்க நோட்டில் தாய் தேதி போட்டு எழுதிவரும் பட்டியலிலோ, 'தா' என்பது பல வாரங்கள் தனியே நின்று, பிறகு ஒரு நாள் அதன் முன்னே 'மம்மு' சேர்ந்திருக்கும்.